ஞாயிற்றுக்கிழமைப் பெட்டி

மணல்துறை,
6 அக்டோபர் 2024

அன்புள்ள தம்பி ஜெனினுக்கு,

இயேசுவுக்குப் புகழ். சுகமாக இருக்கிறாயா? அங்கே மலைக்காற்று அடிக்கும், சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். சாமியாராகப் பயிற்சி எடுக்கும் நவதுறவகத்தில் ஒரு வருஷம் போன் தொடக்கூடாது என்று நீ சொன்னபோது நான் கேலி செய்தேன். இப்போது உன்னிடம் ஒரு கேள்வி கேட்க ஸ்டாம்பு வாங்கத் தேங்காப்பட்டணம் வரை நடக்கிறேன்.

உன் அத்தானைக் காணவில்லை என்று மட்டும்தான் பங்குச்சாமியார் உங்கள் குருவுக்குப் போனில் சொன்னாராம். மீதியைக் கேள்.

செப்டம்பர் 21, சனிக்கிழமை சாயந்திரம் அவர் வள்ளத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். சனி சாயந்திரத்திலிருந்து ஞாயிறு சாயந்திரம் வரை நம் ஊரில் யாரும் கடலில் இறங்கக்கூடாது என்பது ஊர்க் கமிட்டியின் சட்டம். மீறினால் ஒரு மாசம் ஏலத்தில் மீன் எடுக்கமாட்டார்கள். வள்ளத்துக்கு வள்ளம் நம்பர் போட்ட சிக்னல் பெட்டியை மாட்டியதே ஆபத்தில் உதவத்தான் என்றார்கள். ஒரு பெட்டி பக்கத்துப் பெட்டியிடம் சொல்லி, அது அடுத்ததிடம் சொல்லி, கரை நிலையத்துக்குச் சேதி வந்து சேரும். ஆனால் பெட்டி நிற்கிற இடமும் நிலையத்தில் தெரியும், அதனால் கமிட்டிக்கு அது ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கிறவனைப் பிடிக்கத்தான் உதவியது. உனக்கு இதைச் சொல்ல வேண்டுமா? அந்த நிலையத்தில் ஒரு வருஷம் வேலை பார்த்தவன் நீ. எங்கள் 112-ஐயும் நீதான் மாட்டினாய்.

போகும்போது அவர் 112-ஐ என் கையில் தந்தார். "ஷிபா, இது சார்ஜ் நிக்கல்ல கேட்டியா. நான் வருவது வரைக்கும் பிளக்கிலேயே கெடக்கட்டு." அப்படியே செய்தேன். சோற்றுப் பாத்திரத்தை மறந்துவிட்டாரே என்று பின்னாலேயே ஓடினேன். அதற்குள் வள்ளம் ஆற்று வாயைத் தாண்டிவிட்டது. அதன் முன்நுனி அணியத்தில் பச்சை வெளிச்சம் மினுங்கியது, தம்பி. பெட்டியின் வெளிச்சம். என் கண்ணால் பார்த்தேன்.

திங்கட்கிழமை கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். பிளக்கில் கிடந்த பெட்டியைப் பார்த்ததும் தலைவர் சிரித்தார். "பெட்டியக் கழத்தி வச்சிட்டு வள்ளத்த விழிஞ்ஞத்துல கொண்டு வித்துட்டு ஓடியிருக்கான். இது பொம்பள சமாச்சாரம்." தேட ஒரு வள்ளம்கூட இறங்கவில்லை. போலீசும் ஓடிப்போனவன் என்றே எழுதிக்கொண்டது.

ஒரே நம்பரில் இரண்டு பெட்டி இருக்க முடியுமா? இதற்கு மட்டும் பதில் போடு.

அம்மாவுக்குக் கால்வலி, மற்றபடி சுகம்.

உன் அக்கா,
ஷிபா


நவதுறவகம்,
19 அக்டோபர் 2024

பாசமுள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. நான் நலம். அம்மாவின் கால்வலிக்குத் தைலம் தேய்த்துவிடு. உங்களை நினைத்துத் தினமும் ஜெபமாலை சொல்கிறேன்.

நீ கேட்டது முடியாத காரியம். ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளே ஒரு ரகசியக் குறியீடு உண்டு. அது சரியாக இருந்தால்தான் நிலையம் அந்தப் பெட்டியின் பேச்சை ஏற்கும். ஒன்றின் குறியீடு இன்னொன்றுக்கு வராது. நீ பார்த்த பச்சை வெளிச்சம் டார்ச்சாக இருக்கலாம்.

அக்கா, சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. அத்தானின் மனதில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியுமா? சிலுவையை ஏற்றுக்கொள்ளப் பழகு. இங்கே கடிதம் எழுத மாதத்தில் ஒரு நாள்தான் அனுமதி. தாமதமானால் வருந்தாதே.

கிறிஸ்துவில்,
ஜெனின்


மணல்துறை,
4 நவம்பர் 2024

தம்பி ஜெனினுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் ஜெபத்துக்கு நன்றி. சிலுவையை ஏற்கச் சொன்னாய். எந்தச் சிலுவையை? கல்லறையில் அவருக்கென்று ஒன்று நட்டால் அல்லவா ஏற்பதற்கு.

நேற்று முன்தினம் இறந்தோர் நாள். கல்லறையில் இந்த வருஷம் செத்தவர்களின் பெயரை வாசித்தார்கள். நான் முந்தின நாளே சாமியாரிடம் போய்க் கேட்டேன். "உயிரோட இருக்கப்பட்டவன் பேர எப்படிம்மா வாசிக்க?" என்றார். என் மாமி வியாகுலம்மாள் அத்தனை பேர் முன்னால் என் மெழுகுவர்த்தியைத் தட்டிவிட்டாள். "ஏட்டி, எம் மொவன் எங்கியோ நல்லா இருக்கான். நீ குடுத்த தொல்லையில ஓடுனவன இப்பம் கொன்னு பொதைக்கப் பாக்குதியா?" தன் மகன் ஓடிப்போனதாக இருந்தால் அவளுக்கு மகன் உண்டு. செத்துப்போனதாக இருந்தால்தான் எனக்குப் புருஷன் உண்டு. எங்கள் சண்டை இதுதான்.

பாடகர் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் என் பிள்ளையிடம் "உங்கப்பாவுக்குப் புது அம்மா கெடச்சாச்சாமே" என்று கேட்டிருக்கிறார்கள். ஏழு வயசுப் பிள்ளையிடம்.

இனிதான் விஷயம். நாற்பது நாள் ஆழ்கடலில் கிடந்துவிட்டு ஒரு தூத்தூர்ப் படகு கரைக்கு வந்தது. அதன் ஓட்டுநர் சுயம்புராஜ் என்னைத் தேடி வந்து சொன்னார். செப்டம்பர் 22, ஞாயிறு காலையில் காற்று திரும்பியதாம். அவர்கள் பெட்டியில் 112 என்று ஆபத்துச் சிவப்பு எரிந்ததாம். "வயர்லெஸ்ல கரையக் கேட்டேன், கேட்டியளா. 112 கரையிலதான் கெடக்கு, பெட்டிக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும், ஒங்க பாட்டப் பாத்துப் போங்கன்னு சொல்லிட்டாவ." கமிட்டி அவரை நம்பர் வாசிக்கத் தெரியாத ஆள் என்று விரட்டியது.

நிலையத்தில் உன் இடத்துக்கு ஷாஹினாஸ் என்று ஒரு பெண் வந்திருக்கிறாள், தேங்காப்பட்டணத்துக்காரி. அவள் மட்டும் சிரிக்கவில்லை. "பெட்டிய நகல் எடுக்க முடியும் அக்கா. உள்ள இருக்கத அப்படியே எடுத்து வேற பெட்டியில போட்டா ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள்.

நீ முடியாது என்றாய், அவள் முடியும் என்கிறாள். நகலை எப்படிக் கண்டுபிடிப்பது? உடனே எழுது.

அக்கா ஷிபா


மணல்துறை,
27 நவம்பர் 2024

தம்பிக்கு,

உனக்கு உடம்பு சுகமில்லையா? மூன்று வாரம் ஆகிவிட்டது. பங்குச்சாமியாரை உங்கள் குருவுக்குப் போன் போடச் சொன்னேன். நீ நன்றாகச் சாப்பிட்டு, பந்து விளையாடிக்கொண்டிருக்கிறாய் என்று சொன்னாராம். சந்தோஷம்.

நகலை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கார்டில் எழுதினால் போதும்.

ஷிபா


நவதுறவகம்,
8 டிசம்பர் 2024

பாசமுள்ள அக்காவுக்கு,

அமல அன்னையின் திருநாள் வாழ்த்துகள். தியானம் இருந்ததால் எழுத முடியவில்லை. பிள்ளைக்கு என் முத்தங்கள்.

வழி எளியது. வீட்டில் கிடந்த பெட்டியை நிலையத்துக்குக் கொண்டுபோ. கமிட்டியையும் சாட்சிக்கு வைத்துக்கொள். பெட்டியின் ரகசியக் குறியீட்டைக் கணினியில் சோதிக்கச் சொல். குறியீடு சரியாக இருந்தால் அதுதான் அசல். அப்புறம் கடலில் கேட்டது வெறும் இரைச்சல். தப்பாக இருந்தால் நீ சொல்வது உண்மை. இதற்குமேல் ஒரு வழியும் கிடையாது. முடிவு எதுவானாலும் மனதை அமைதிப்படுத்திக்கொள்.

கிறிஸ்துவில்,
ஜெனின்


மணல்துறை,
2 ஜனவரி 2025

ஜெனினுக்கு,

புது வருஷ வாழ்த்து. நீ சொன்னபடியே செய்தேன்.

ஷாஹினாஸ் விடுமுறையில் அவள் உம்மாவோடு நெய்யூர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. என் தம்பி சொல்லிவிட்டானே, பிறகென்ன? கமிட்டியை நானே கூப்பிட்டேன். தலைவர், செயலாளர், உதவித் தலைவர் எல்லாரும் வந்தார்கள். குறியீட்டைச் சோதித்தார்கள். சரி, சரி, சரி என்று மூன்று தடவை திரையில் வந்தது. "112 அசல் பெட்டி வீட்டில் இருந்தது நிரூபணம் ஆயிற்று" என்று எழுதிச் சீல் வைத்தார்கள். என் கையெழுத்தையும் வாங்கினார்கள். உதவித் தலைவர் வைகுண்டராஜன் டீ வரவழைத்து எனக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தார். "இனியாவது புத்தியோட இரி, மக்களே."

ஷாஹினாஸ் திரும்பி வந்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். "யாருக்கா இப்படிச் செய்யச் சொன்னது? நகல் எடுத்தவன் குறியீட்டையும் சேத்துத்தானே எடுப்பான்? ஒத்தப் பெட்டியச் சோதிச்சா எப்பவும் சரின்னுதான் வரும்." உன் பெயரைச் சொன்னேன். அவள் சீல் வைத்த தாளை வாங்கி வாசித்தாள். பிறகு, "அவருக்கு இது தெரியாம இருக்காது அக்கா" என்றாள். நான் அவளைத்தான் திட்டினேன். என் தம்பி சாமியாருக்குப் படிக்கிறவன் என்று கத்தினேன்.

அவள் கோபப்படாமல் சரியான வழியைச் சொன்னாள். பெட்டியைக் கேட்கக்கூடாது, அதன் பக்கத்தில் நின்ற பெட்டிகளைக் கேட்க வேண்டும். எந்த நம்பரின் குரலை, எத்தனை மணிக்கு, எந்த இடத்திலிருந்து கேட்டேன் என்று ஒவ்வொரு படகின் பெட்டியும் தனக்குள் குறித்து வைத்திருக்குமாம். "ஒரே ஆளு ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல நிக்க முடியாதுல்லா? கரைப் பெட்டி ஒண்ணு, கடல் பெட்டி ஒண்ணு, ரெண்டும் ஒரே நேரத்துல 112-ஐக் கேட்டேன்னு சொன்னா நகல் மாட்டிக்கிடும்."

ஆனால் அந்தக் குறிப்பு நூற்றிருபது நாள்தான் நிற்கும். பிறகு தானாக அழிந்துவிடும். ஜனவரி 20 கடைசி. நவம்பர் முழுக்க நான் உன் பதிலுக்காகக் காத்திருந்தேன். அந்த ஞாயிறு கடலில் நின்ற, நம் நிலையத்தின் பெட்டி மாட்டிய வெளியூர்ப் படகுகள் ஏழு. பெட்டியைத் திறந்து குறிப்பை எடுக்க ஒரு கடவுச்சொல் வேண்டும். அதைப் போட்டவன் நீ, வேறு யாருக்கும் தெரியாது என்கிறாள். அந்தச் சொல்லை எழுதி உடனே அனுப்பு. உங்கள் குருவிடம் கெஞ்சி ஒரு போன் போட்டாலும் சரி. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் மக்கா.

அக்கா ஷிபா


நவதுறவகம்,
24 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் 7-ஆம் தேதியே வந்திருந்தது. கடிதம் எழுதும் நாள் இன்றுதான். நீ குறிப்பிட்ட நாள் கடந்துவிட்டது என்று தெரிந்து மிகவும் வருந்துகிறேன். கடவுச்சொல் எனக்கு மறந்துவிட்டது. எல்லாம் இறைவனின் சித்தம்.

மே 31 எனக்குத் துறவு வாழ்வின் முதல் வார்த்தைப்பாடு. அம்மாவை அழைத்துக்கொண்டு நீயும் வர வேண்டும். இங்கே ரோஜா நன்றாகப் பூத்திருக்கிறது.

கிறிஸ்துவில்,
ஜெனின்


மணல்துறை,
10 பிப்ரவரி 2025

ஜெனின்,

ரோஜா பூத்ததில் மகிழ்ச்சி.

கடவுச்சொல் வேண்டியிருக்கவில்லை. ஷாஹினாஸ் பெட்டி செய்த கம்பெனிக்கு எழுதி, ஜனவரி 16 அன்று வேறு வழியில் திறக்க அனுமதி வாங்கிவிட்டாள். அன்று ஏழு படகில் ஐந்து மறுபடி கடலுக்குப் போயிருந்தன. இரண்டு கரையில் நின்றன. ஒன்று சுயம்புராஜின் படகு. இன்னொன்று குளச்சல் படகு. இரண்டிலும் 112-இன் குரல் இருந்தது.

செப்டம்பர் 22, ஞாயிறு. காலை 7.40-க்கு முதல் கூப்பாடு. கடைசி 10.10. கால் மணிக்கு ஒன்றாகப் பதினொரு தடவை உன் அத்தான் சிவப்புப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். இரண்டு படகும் அதைக் கேட்டுக் கரைக்குச் சொல்லியிருக்கின்றன. கரையில் இருந்த இயந்திரம், 112 தான் இங்கே வீட்டில் கிடக்கிறதே, இது தப்பு என்று பதினொரு தடவையும் தள்ளிவிட்டது. 7.30-க்குப் பூசை. நான் பாடகர் குழுவில் நின்று பாடிக்கொண்டிருந்தேன். நன்றாகப் பாடினேன் என்று சிஸ்டர் சொன்னார்.

ஓடிப்போகிறவன் வீட்டைப் பார்த்துப் பதினொரு தடவை கூப்பிடுவானா? இந்த மணிக் கணக்கை எழுதிய காகிதத்தை மாமியின் மடியில் போட்டேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நானே வாசித்துக் காட்டினேன், ஒவ்வொரு மணியாக. ஆறாவதில் காதைப் பொத்தினாள். நான் கையை எடுத்துவிட்டு மீதி ஐந்தையும் வாசித்தேன்.

அந்தக் குறிப்புகளில் வேறு நான்கு நம்பரும் பல ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு இடத்தில் நிற்கின்றன. அதில் ஒன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்த உதவித் தலைவருடையது. தலைவரோடு சேர்ந்து அவரும் ஓடிப்போனான் ஓடிப்போனான் என்று உரக்கச் சொன்னது ஏன் என்று இப்போது புரிகிறது.

வீட்டுப் பெட்டியை ஷாஹினாஸ் பிரித்துப் பார்த்தாள். அதற்குள் எழுதப்பட்ட நாள் 2024 மே 11, சாயந்திரம் 3.40. எழுதிய கணினி நிலையத்துடையது. அன்று அங்கே வேலையில் இருந்தவன் ஒரே ஒருவன். மே 31 அன்று மாலை போட்டு, பட்டாசு வெடித்து அவனை நாங்கள் நவதுறவகத்துக்கு அனுப்பி வைத்தோம்.

உன் வாயால் சொல்.

ஷிபா


நவதுறவகம்,
14 பிப்ரவரி 2025

அக்கா,

பார்த்தாயா, உடனே எழுதுகிறேன். சமையல் அண்ணனிடம் கொடுத்து ரகசியமாகத் தபாலில் போடச் சொல்கிறேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். அத்தான் கேட்டார். "ஞாயிறு ஒரு நாளு தனியாப் போனா கணவா அள்ளலாம் மக்கா, திங்கக்கெழம ஏலத்துல நான் மட்டும்தான்" என்றார். ஒன்று வீட்டில் கிடந்து கமிட்டியை ஏமாற்றும், ஒன்று ஆபத்துக்கு வள்ளத்தில் இருக்கும் என்று கணக்கு. ஒன்றுதான் செய்தேன், பிறகு மற்றவர்களும் வந்தார்கள். ஊரில் எல்லாரும் என்னைச் சாமியார் தம்பி என்று தலையில் தூக்கி வைத்திருந்தார்கள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. இப்படி ஆகும் என்று யார் கண்டார்கள்?

அவரைக் காணவில்லை என்று கேட்ட அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. நான் சொல்லியிருந்தாலும் அவர் திரும்பி வரப்போவதில்லை. அதனால்தான் சும்மா இருந்தேன். இதில் யாருக்கு நஷ்டம்?

உன்னை ஒன்று கேட்கிறேன். மே 31 வரை பேசாமல் இரு. முடிந்தால் எப்போதும் பேசாதே. ஓடிப்போனார் என்று இருப்பதால் அத்தானுக்கு என்ன குறைவு? செத்தவருக்கு மானம் எதற்கு? அம்மா வாழ்நாள் முழுக்க ஒரு சாமியார் பிள்ளைக்காக முழங்காலில் நின்றவள். இதைக் கேட்டால் செத்துவிடுவாள்.

இன்னொன்றும் யோசித்துப் பார். திங்கட்கிழமை வரை அந்தப் பெட்டியைப் பிளக்கில் வைத்திருந்தது யார்? அது சார்ஜ் தீர்ந்து செத்திருந்தால் கடலிலிருந்து வந்த முதல் கூப்பாட்டையே இயந்திரம் ஏற்றிருக்கும். விசாரணை என்று வந்தால் என் பெயருக்கு அடுத்து உன் பெயர்தான் வரும். நான் உனக்காகவும்தான் மூடி வைத்தேன்.

இதைப் படித்ததும் எரித்துவிடு.

ஜெனின்


மணல்துறை,
20 மார்ச் 2025

ஜெனினுக்கு,

உன் கடிதத்தை எரிக்கவில்லை. விசாரணை அதிகாரியிடம் அசலைக் கொடுத்துவிட்டு ஜெராக்ஸ் வைத்திருக்கிறேன்.

நீ பயமுறுத்தியது சரிதான். இரண்டு ராத்திரி அதை நினைத்துக்கொண்டு கிடந்தேன். பிறகு எழுந்து குளித்துவிட்டு, ஷாஹினாஸைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன். அதிகாரி கேட்டார், பெட்டியை யார் செய்தது? உன் பெயர், அப்பா பெயர், நவதுறவகத்தின் விலாசம், பின்கோடு எல்லாம் சொன்னேன். யார் சார்ஜில் போட்டது? நான் என்றேன். தெரிந்து போட்டீர்களா என்று கேட்டார். தெரியாமல் என்றேன். எழுதிக்கொண்டார். நம் பெயர் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கிறது.

போன சனிக்கிழமை உன் அத்தானுக்குப் பூசை வைத்தார்கள். கோவில் நிறைய ஆள். ஞாயிற்றுக்கிழமைப் பெட்டிக்காரர்கள் நான்கு பேரும் முன் வரிசையில் முட்டிபோட்டு அழுதார்கள். வைகுண்டராஜன் தேம்பித் தேம்பி அழுதார். அவர்கள் பெயரையும் கொடுத்துவிட்டேன் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. கல்லறையில் சிலுவை நட்டாயிற்று. கீழே ஒன்றும் இல்லை, சட்டை ஒன்று மட்டும்.

அம்மா சாகவில்லை. என் முகத்தில் துப்பினாள். "ஒருத்தனக் கடலுக்குக் குடுத்த. இன்னொருத்தனப் போலீசுக்குக் குடுத்துட்டியே, பாவி" என்றாள். பிறகு என் வீட்டிலேயே சாப்பிட்டாள், போக்கிடம் இல்லையே. மாமி என்னிடம் பேசுவதில்லை. தெருவில் என்னைப் பார்த்தால், பிளக்கில் போட்டு மாப்பிள்ளையைக் கொன்றவள் என்கிறார்கள். முந்தி ஓடிப்போனவன் பெண்டாட்டி என்றார்கள். அப்போதெல்லாம் நான் தலையைக் குனிந்து நடந்தேன். இப்போது நிமிர்ந்துதான் நடக்கிறேன். கொன்றவள் என்று சொல்லட்டும். அவர் என்னை விட்டுப் போனார் என்று இனி ஒரு நாய் வாய் திறக்காது.

செத்தவருக்கு மானம் எதற்கு என்று கேட்டாய். உனக்காக மனம் இளகுமா என்று நானும் பார்த்தேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்ததை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். இளகவில்லை.

செவ்வாய்க்கிழமை போலீஸ்காரர்கள் அங்கே வருவார்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு இரு, விசாரணை நீளும். கம்பளிச் சட்டையை எடுத்துக்கொள்.

பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
காலஞ்சென்ற ஜெஸ்பினின் மனைவி
ஷிபா